கூரைக்குக் கீழே கட்டிய வெள்ளை

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருக்கும், முன்னுக்குப் பின் மாறியும் வரும். மறதியும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் மலருக்குப் பழைய ஆட்கள் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். என்னிடம் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைக்கார மதாமின் வீட்டில் துணி மினுக்கிய கதைதான் இருக்கிறது. மினுக்குவது என்றால் அயன் பண்ணுவது.

எண்பத்தாறாக இருக்கவேண்டும், அல்லது அதற்கு அடுத்த வருசம். என் வீட்டுக்காரர் செத்து மோசம்போன பிறகு மகன் என்னை இந்தப் பிரெஞ்சு நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தான். மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் ஸ்டேசனுக்குக் கிட்ட ஐந்தாம் மாடியில் ஒற்றை அறை. மகனுக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. காலையில் போனால் நான் படுத்தபிறகுதான் வருவான். பகல் முழுவதும் நான் வாய் திறப்பது ரொட்டி விற்கிற பாண் கடைக்காரிக்குப் 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்ல மட்டும். கடையில் ஆட்கள் நின்றால் அதையும் விழுங்கிக்கொண்டு பாணோடு வந்துவிடுவேன். பின்னேரத்தில் செபமாலையைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். அறைக்குள் ஒரு குரல் கேட்கட்டும் என்றுதான். ரூ காய் என்ற தெருவில் எங்கள் கடைகள் ஒன்றிரண்டு அப்போதுதான் வந்திருந்தன. அங்கே தமிழ் கேட்கும். ஆனால் நிற்பவர்கள் எல்லாரும் இளந்தாரிகள். அவர்களுக்கு நடுவில் நின்று கதைக்கக் கூச்சமாக இருக்கும்.

ஊரில் எங்கள் மாதா கோயில் பூசைப் பீடத்துணிகளை நான்தான் தோய்த்து மினுக்குவேன். இங்கேயும் பக்கத்துக் கோயிலில் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தத் துணிகளைப் பார்த்துவிட்டுத்தான் மதாம் என்னைத் தேடி வந்தார். நாற்பது வயதிருக்கும். உயரமான வெள்ளைக்காரி, தலைமயிரைப் பென்சிலால் குத்திக் கொண்டை போட்டிருந்தார். அவர் சொன்னதை மகன் எனக்குச் சொன்னான்.

"அம்மா, இவ நெய்யிற துணிக்குக் கோலம் கீறுறவவாம், படம் வரையிற மாதிரி. அயர்லாந்திலை ஒரு நெசவாலை பழைய மேசைத்துணியளைக் குடுத்து, இதிலையிருந்து புதுசா ஒண்டு கீறித் தா எண்டு கேட்டிருக்காம். அந்தத் துணியளைத் தோய்ச்சு மினுக்க வேணுமாம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அவ கீறுறது ஆலைக்காரருக்குப் பிடிக்கிற வரைக்கும். பிடிச்சால் இவ அங்கை போயிடுவாவாம், தறிக்குப் பக்கத்திலை நிக்க. இஞ்சை தான் வேலை செய்யிற அறையையும் விட்டிடுவா. கொஞ்ச நாள் வேலைதான் அம்மா, பெரிசா நினைச்சுப்போடாதேங்கோ."

அப்படித் தொடங்கியது. கிழமையில் மூன்று பின்னேரம் போவேன். அந்தத் துணிக்கு டமாஸ்க் என்று பெயர், லினன் நூலில் நெய்தது. முதலில் விரித்தபோது வெறும் வெள்ளைத்துணி என்றுதான் நினைத்தேன். மதாம் என் தோளைப் பிடித்து யன்னல் பக்கமாகச் சரித்துவிட்டார். அப்போதுதான் தெரிந்தது, வெள்ளைக்குள்ளே வெள்ளையாக மூன்றிலைப் புல்லும் கொடியும். அந்த நாட்டாருக்கு அந்தப் புல் விசேசமாம். நெடுக்கு நூல் மேலே வந்த இடம் மினுங்கும், குறுக்கு நூல் மேலே வந்த இடம் மங்கும், அவ்வளவுதான். மறுபக்கம் புரட்டினால் மினுங்கியது மங்கிப்போய் மங்கியது மினுங்கும். அதற்குக் கெட்ட பக்கம் என்று ஒன்று இல்லை. காய்ந்தபிறகு மினுக்கினால் எல்லாம் செத்த துணி மாதிரிக் கிடக்கும். தண்ணீர் தெளித்து, சுருட்டிவைத்து, ஈரத்தோடு மினுக்கவேண்டும்.

மதாம் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகக் கறுப்பு அடித்துக்கொண்டிருப்பார். நான் மினுக்கிக்கொண்டிருப்பேன். பாசை இல்லை. ஆனாலும் கோப்பி போட்டால் எனக்கும் ஒன்று வைப்பார். 'சூடு' என்று விரலை உதறிக் காட்டுவார். அதற்காகவே நான் அந்த மூன்று பின்னேரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கீறி அனுப்பியதை அந்த ஆலை இரண்டு தரம் திருப்பி அனுப்பியது. இது எங்கள் பழைய துணிதானே, புதிது எங்கே என்று கேட்டார்களாம். மதாமின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு வேலை நீண்டது. கோயிலில் ஒரு நாள் மதாம் கீறுவது ஆலைக்குப் பிடித்துப்போகட்டும் என்று மெழுகுதிரி கொளுத்துவேன். அடுத்த கிழமை, இப்போதைக்கு வேண்டாம் மாதாவே என்று இன்னொன்று கொளுத்துவேன்.

இரண்டாம் தரம் திரும்பி வந்த பிறகு ஒரு பின்னேரம் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே பார்த்தால், கூரைக்குக் கீழே சுவருக்குச் சுவர் கயிறு இழுத்து பெரிய வெள்ளை மேசைத்துணி மூன்றைக் கட்டியிருந்தது. அதற்குக் கீழே மதாம் வெறும் நிலத்தில் இருந்தார். தலை அவிழ்ந்து கிடந்தது, கண் சிவந்திருந்தது. போன்ஜூர் சொல்லவில்லை. ஒரு விரலை மேலே காட்டினார்.

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் இப்படித்தான் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டுவார்கள். நல்ல காரியத்துக்கும் கட்டுவதுண்டு. ஆனால் அந்தக் கோலத்தில் ஒருத்தி நிலத்தில் இருந்தால் வேறு எதை நினைப்பது? நான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போய், பக்கத்தில் இருந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். மதாம் முதலில் விறைத்துப்போனார். பிறகு அவரும் அழுதார். எவ்வளவு நேரமோ தெரியாது. செத்த வீட்டில் 'போட்டு வாறன்', போய் வருகிறேன், என்று சொல்லக்கூடாது. ஆகவே சொல்லாமலே எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்தேன்.

அன்றைக்கு மகனுக்கு லீவு.

"என்னம்மா, இந்தக் குளிருக்கை தோய்ஞ்சிருக்கிறியள்?"

"செத்த வீட்டுக்குப் போட்டு வந்தனான்."

"ஆரின்ரை செத்த வீடு?"

"மதாமின்ரை."

"ஐயோ, மதாம் செத்துப்போனாவோ?"

"விசரா! அவ இருக்கிறா. அவவின்ரை ஆரோ."

"ஆர்?"

"நான் எப்பிடிக் கேக்கிறது? எனக்குப் பிரெஞ்சு தெரியுமோ?"

"பிரெஞ்சு தெரியாமல் செத்தது மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?"

"வெள்ளை கட்டியிருக்கடா!"

அவன் நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்க என்னோடு வந்தான். மதாம் கதவைத் திறந்தார். அவன் தலையைக் குனிந்து ஏதோ சொன்னான். மதாம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகனும் சிரித்துவிட்டான். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"ஒருத்தரும் சாகேல்லையாம் அம்மா. மேசையிலை பாத்துப் பாத்து அலுத்துப்போய், கீழையிருந்து பாத்தால் எப்பிடித் தெரியுமெண்டு கட்டினவவாம். ரா முழுக்க நித்திரையில்லையாம்." பிறகு அவன் சிரிப்பு நின்றது. "சாகிறதுக்குத் தன்ரை வீட்டிலை ஒருத்தரும் இல்லையாம். தனி ஆளாம்."

மதாம் இன்னொன்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தான்.

"அப்ப நீங்கள் ஆருக்கு அழுதனீங்களெண்டு கேக்கிறா."

"பெரியம்மாவுக்கெண்டு சொல்லு."

என் அக்கா. ஊரில் சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம் அவ செத்துப்போனது. செய்தி இங்கே வரும்போது முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. செய்தி வந்த அன்றைக்கு, மகன் வேலைக்குப் போகவேண்டும் என்று நான் சோறு போட்டுக் கொடுத்தேன். அழ ஒரு வீடு இல்லை, கட்டிப்பிடிக்க ஒரு ஆள் இல்லை.

"நீங்கள் அப்ப அழேல்லையே அம்மா," என்றான்.

"எந்த வீட்டிலை இருந்து அழ?"

அதை அவன் மதாமுக்குச் சொன்னானோ தெரியாது. மதாம் போய் மூன்று கோப்பி கொண்டுவந்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த வெள்ளைக்குக் கீழே நிலத்தில் இருந்து குடித்தோம். வெள்ளையை எங்களவர்கள் எப்படி இழுத்துக் கட்டுவார்கள் என்று மதாம் கேட்டார். ஒரு கைத்துணியையும் நூலையும் வைத்துச் செய்து காட்டினேன்.

என்னால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லமாட்டேன். அண்ணாந்து பார்க்கவேண்டும் என்று கயிறு கட்டியது அவர்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் மேசைத்துணி கீறவில்லை. மேலே கட்டுகிற துணி கீறினார். பழைய துணியில் புல் ஓரம் முழுக்க நெருக்கமாக ஓடும். புதியதில் ஒவ்வொரு இலையும் பாய் அளவு பெரிது, அங்கொன்று இங்கொன்று, மரத்துக்குக் கீழே படுத்துப் பார்க்கிற மாதிரி. குறுக்கு நூலை வெளுக்காமல் சாம்பல் நிறமாகவே விட்டார். சரிந்து பார்க்கத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும்.

மாதிரித் துண்டு ஒன்று ஆலையிலிருந்து வந்தது. அதை ஆலையின் பெரிய ஆட்களுக்கு மதாம் கொண்டுபோய்க் காட்டவேண்டுமாம். நான் தண்ணீர் தெளித்து, சுருட்டி, நல்ல ஈரத்தில் மினுக்கினேன். என் வாழ்க்கையில் ஒரு பீடத்துணியையும் அப்படி மினுக்கியதில்லை. மினுக்கும்போதே தெரியும், இது பிடித்துப்போகும் என்று. அயன் பெட்டியை மெதுவாகத்தான் நகர்த்தினேன்.

பிடித்துப்போனது. மதாம் கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் சிரித்தேன், பொய்ச்சிரிப்பு இல்லை. அடுத்த மாதம் பெட்டிகளோடு அயர்லாந்துக்குப் போனார். மகன் வேலைக்குப் போயிருந்ததால் பாசை மாற்றிச் சொல்ல ஆள் இல்லாமல் இரண்டு பேரும் வாசலில் சும்மா நின்றோம்.

அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் அந்த மூன்று பின்னேரமும் என் கால் அந்தத் தெருவுக்குப் போகும். யன்னலைப் பார்த்துவிட்டு, பாண் வாங்கிக்கொண்டு வருவேன்.

அந்தத் துணியை அயர்லாந்தில் ஒரு பெரிய மண்டபத்தில் மேலே கட்டியதாக மதாம் ஒரு தரம் டெலிபோனில் சொன்னார் என்று மகன் சொன்னான். மண்டபமா, கோயிலா என்று இப்போது செவ்ரான் என்ற ஊரில் குடியிருக்கிற அவனைக் கேட்டால் அவனுக்கும் ஞாபகம் இல்லை. நூல் மினுங்குவதைப் பற்றி நான் எழுதியதும் சரியோ தெரியாது. நெசவு தெரிந்த யாராவது ஒருக்கால் பார்த்து, பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். அந்தத் துணியை எங்கேயாவது கண்டவர்கள் இருந்தால், அது இன்னும் மேலேதான் தொங்குகிறதா என்றும் சொல்லுங்கள்.