தங்கம் தொட்ட தண்ணீர்

எங்கள் நேபாளத்து ஜும்லா கடைவீதியில் தட்டார் கர்ணபீர் டீ குடித்தால், கிளாஸைத் தானே கழுவி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் தட்டாரும் தீண்டத்தகாத சாதி. தீண்டாமைக்கு ஆளாகாமல் வாழ்வது அடிப்படை உரிமை என்று புதிய அரசியலமைப்பு வந்த மறுநாள், டீக்கடைத் தீர்த்தராஜ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"வாங்க தம்பி! கிளாஸை வெச்சிட்டுப் போங்க, நான் கழுவிக்கிறேன்."

நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்ட வாய்! கர்ணபீர் நம்பவில்லை. போவதுபோல் போய், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். தீர்த்தராஜ் தன் தங்க மோதிரத்தைக் கழற்றித் தண்ணீரில் முக்கி, கிளாஸிலும் பெஞ்சிலும் தெளித்துக்கொண்டிருந்தார். தங்கம் பட்ட தண்ணீர் தீட்டைப் போக்குமாம்.

கர்ணபீர் திரும்ப உள்ளே வந்தான்.

"நல்லாத் தெளிங்க சாமி. நான் செஞ்ச மோதிரம்தானே? பளபளப்பு வரணும்னு எச்சில் தொட்டுத் தொட்டுத் தேய்ச்சேன்."