ஆடி கழியட்டும்

மெல்போர்னில் நான் இருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, ஜூலை முடிவதற்குள் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் காலி செய்ய வேண்டியதுதான். நானோ ஆவணி முதல் தேதிவரை காத்திருந்து, அன்று காலைதான் வீட்டுக்காரம்மாள் மார்கரெட்டின் கதவைத் தட்டினேன். இங்கே வந்து இத்தனை வருடமாகியும் ஆடியில் ஒரு பத்திரத்தில் கை வைக்க எனக்கு மனம் வராது. குளிரில் மூக்கு சிவந்து நிற்கும் அந்த அம்மாளிடம் இதை எப்படி விளக்குவது? "எங்கள் ஊரில் இந்த மாதம் எதையும் தொடங்க மாட்டோம்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அடடா, இறந்துபோனது யார்?" என்று கேட்டார்.

துக்கம் ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு கடிதத்தின் கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, ஜூலை மாதத் தேதி ஒன்றைப் போட்டார். அப்பட்டமான பொய்த் தேதி. நன்றி சொல்லிவிட்டு வந்து, டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஊரில், சாணார்பட்டிப் பக்கம் சாலையோரமாக எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. அதைப் பல வருடமாகக் குத்தகைக்கு உழுதவர் கருப்பையா அண்ணன். அங்கிருந்த கிணறும் அவர் வெட்டியதுதான். தொண்ணூறுகளின் நடுவில் அப்பா அந்த நிலத்தை அவருக்கே விற்க ஒப்பந்தம் எழுதினார். ஜூலைக்குள் கிரயம் பதிய வேண்டும், தவறினால் ஒப்பந்தம் ரத்து என்று அதில் ஒரு வரி. சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஆடி இரண்டாம் தேதி அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, பணம் ரெடியா இருக்கு. ஆனா ஆடி பெறந்துருச்சே, இப்பப் போயி பத்திரத்துல கை வைக்கவா?"

"அதுக்கென்னப்பா, ஆடி கழியட்டும். ஆவணி பெறந்ததும் மொத வேலையா பதிஞ்சுக்கிருவோம்" என்றார் அப்பா.

"அதையும் ஒரு வார்த்தை எழுதிக்கிருவமாண்ணே?"

"ஏலே, நமக்குள்ள எதுக்குடா எழுத்து?"

ஆடிப் பதினெட்டு முடிந்த மறுநாள், மில் கட்ட இடம் தேடி ஒருவர் காரில் வந்தார். கூடுதல் விலை சொன்னார். ஜூலைக் கெடு தாண்டிவிட்டது, ஒப்பந்தம் ரத்து என்று அந்த வாரமே கருப்பையா அண்ணனுக்கு அப்பா வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அண்ணன் வழக்குப் போட்டார்.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். "கெடுவை நீட்டி எழுத்தில் ஏதாவது கொடுத்தீர்களா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். "இல்லை" என்றேன். "வாய்ப்பேச்சாகச் சொன்னதுண்டா?" என்று கருப்பையா அண்ணனின் வக்கீல் கேட்டார். உடனே எங்கள் வக்கீல் எழுந்து, எழுதிய ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்ப்பேச்சு செல்லாது என்றார். நீதிபதியும் அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அந்த ‘அப்பாடா’தான். சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். வாய்ப்பேச்சையெல்லாம் ஏற்றுக்கொண்டால் நாளைக்கு யாரும் எதையும் சொல்லலாம். ஆனால் உண்மை தெரிந்த ஒருவன் அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றான். வழக்கு தள்ளுபடியானது. அந்த நிலம் விற்ற பணத்தில்தான் நான் விமானம் ஏறினேன்.

இரண்டு வருடம் முன்பு ஊருக்குப் போனபோது அந்த நிலத்தில் கட்டிய மில்லின் வாசலில் கருப்பையா அண்ணனைப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டுக் காவலுக்கு நின்றார். அவர்தான் கிட்ட வந்தார்.

"எப்ப வந்த அப்பு? சாப்டியா?"

"சாப்ட்டேண்ணே. போன வாரந்தான் வந்தேன்."

"அங்கிட்டெல்லாம் ஆடி மாசம் உண்டா?"

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரிடமும் "இல்ல" என்றுதான் சொன்னேன்.

மார்கரெட் தேதி போட்ட கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தேன். அதற்கடியில் அந்தப் பழைய ஒப்பந்தத்தின் நகல் கிடக்கிறது. ஒன்றில் இருக்கும் பொய்யால் இன்னும் ஒரு வருடம் எனக்கு வீடு இருக்கிறது. மற்றதில் பொய்யே இல்லை. அதனால் எனக்கு ஊர் இல்லை.