பின்போல் இயந்திரத்தில் மூன்று எழுத்து

இந்த நாட்டில் “தயவுசெய்து தொடுங்கள்” என்று எழுதி ஒட்டியிருந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். இலங்கையின் கல்முனையிலிருந்து இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சிறு நகரத்துக்கு வந்து பல வருடங்களாகின்றன. கடையில் ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்தாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கும் ஊர் இது. ஆனால் பழைய நெசவாலையொன்றின் மாடியிலிருந்த அந்தப் பின்போல் மியூசியத்தில், உள்ளே போய்விட்டால் எந்த இயந்திரத்திலும் ஆசைதீர விளையாடலாம். தரையில் விரித்திருந்த கம்பளத்தைக் கண்டதும் என் சின்ன மகன் இமாத் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான். பள்ளிவாசல் என்று நினைத்தானோ என்னவோ.

ஊரிலிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பின்போல் என்பது கண்ணாடி போட்ட ஒரு சாய்ந்த மேசை. சுருள்வில்லை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, மணிகளிலும் விளக்குகளிலும் மோதிக்கொண்டு கீழே வரும். அது குழிக்குள் விழுமுன் இரண்டு பக்கப் பொத்தான்களையும் அமுக்கி, சின்னத் துடுப்புகளால் திருப்பி அடிக்க வேண்டும். இமாத் ஒரு முக்காலியில் ஏறிக்கொண்டான். மூத்தவள் ஸஹ்ரா மட்டும் என்னை விட்டுத் தள்ளிப்போய் நின்றாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இருவர் அங்கே வந்திருந்தார்கள். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதிலிருந்து வெளியிடங்களில் நான் அவளுக்கு உம்மா இல்லை, ‘மம்’. அதுவும் மெதுவாக, வேறு யாருடைய தாயையோ கூப்பிடுவது போல. வீட்டுக்கு வந்து வெங்காயம் வெட்டும்போது அந்தச் சொல் காதுக்குள் கிடக்கும்.

சும்மா நிற்பானேன் என்று நானும் ஓர் இயந்திரத்தில் கை வைத்தேன். கல்முனையில் மார்கழி மழை முற்றத்தை நிறைத்துவிட்டால், தம்பிக்கும் எனக்கும் நாள் முழுக்கக் கெரம் ஆட்டம்தான். தோற்கப் போகிறான் என்றால் அவன் முழங்காலால் பலகையைத் தட்டிவிடுவான். குண்டு குழியை நோக்கி உருண்டு வந்தபோது எனக்கும் அதே புத்தி வந்தது. இடுப்பால் ஓர் இடி இடித்தேன். எல்லா விளக்குகளும் அணைந்துபோயின.

“யூ டில்டட் இட்!” என்றார், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் தாடிக்காரர். சாய்த்துவிட்டேனாம். நான் “சொறி, சொறி” என்று மன்னிப்புக் கேட்டபடி அந்தப் பாரத்தைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் மண்டபமே திரும்பியது. ஸஹ்ரா முகம் சிவக்க ஓடி வந்தாள்.

“உம்மா, விடுங்க! அது உடையல்ல. நீங்க ஆட்டினதால கேம் நிண்டுட்டு. கள்ள விளையாட்டுக் கண்டுபிடிக்கிற மெஷின் இது.”

“அப்ப உங்கட மாமாவ இதுல விளையாட விட ஏலாது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தள்ளுங்க. நீங்க இடது பக்கம், நான் வலது.”

ஆளுக்கொரு பொத்தானாக நின்றோம். “அடி மகள், விடாத!” என்று நான் கத்த, “கத்தாதீங்க உம்மா! இப்ப அடிங்க, அடிங்க!” என்று அவள் என்னைவிடக் கத்தினாள். அவளுடைய தோழிகள் பின்னால் வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும், அன்றைய அதிகூடிய புள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று என்று இயந்திரம் பெயர் கேட்டது. மூன்று எழுத்துக்குத்தான் இடம். ‘மம்’ என்பது ஆங்கிலத்தில் கச்சிதமாக மூன்றெழுத்து. ஸஹ்ரா யோசிக்கவேயில்லை. யூ, எம், ஏ என்று போட்டாள்.

“மற்ற எம்முக்கு இடமில்ல, உம்மா.”

தாடிக்காரர் எட்டிப் பார்த்து, “வெல் டன், உமா!” என்றார். நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னேன். திருத்த மனம் வரவில்லை.

படியிறங்கும்போது தம்பி கல்முனையிலிருந்து அழைத்தான். “எங்க ராத்தா நிக்கிறீங்க? ஒரே சத்தமாக் கிடக்கு.” நான் பதில் சொல்லுமுன் மேலிருந்து “பை பை, உமா!” என்று தாடிக்காரரின் குரல் வந்தது.

“ஆரு ராத்தா அது, உமா?”

ஒரு கையால் போனைக் காதோடு பிடித்தபடி, மற்றக் கையை அந்த மனிதருக்கு அசைத்துக்கொண்டு, “நான்தான்டா” என்றேன்.