மஜீது வாயைத் திறக்காத நாள்

மலாக்காவின் தெங்கேராவில் மசாலா அரைத்து விற்கும் மஜீதுக்கு மௌனம் என்றால் ஒரே அர்த்தம்தான்: எதிரில் நிற்பவருக்கு விலை பிடிக்கவில்லை. அறுபது வயது வரை இதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. வாங்க வந்தவர் பொட்டலத்தைப் பார்த்தபடி சற்று நின்றால் போதும், "சரி, ஒங்களுக்காகக் கொறச்சித் தரேன்" என்பார். அந்த ஆள் பெரும்பாலும் மீன் மசாலா வாங்குவதா, கோழி மசாலா வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

ஊரில் இதற்குத் தாராள குணம் என்று பெயர். தாராளமா, பயமா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை; மஜீதும் பார்க்கவில்லை. வெளிநாட்டு வியாபாரத்தில்தான் அது தெரியவந்தது. போன வருஷம் துபாய்க்காரர் ஒருவரோடு வீடியோவில் பேசும்போது லைன் சிக்கி, அவருடைய முகம் திரையில் அப்படியே உறைந்துவிட்டது. மஜீது அந்த முகத்தைப் பார்த்து மூன்று முறை விலையைக் குறைத்தார். லைன் திரும்பியபோது துபாய்க்காரரின் காதில் விழுந்தது மூன்றாவது விலை. அவர் மிகுந்த மரியாதையோடு சம்மதித்தார். அந்த வருஷம் முழுவதும் மசாலா அரைக்கும் மெஷின் நஷ்டத்தில் ஓடியது.

இப்போது ஒசாகாவிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வருகிறார். விலையில் ஒரு காசு குறைந்தாலும் மெஷினை நிறுத்த வேண்டியதுதான் என்று மகள் நூருல் ஹுதா சொல்லிவிட்டாள். கோலாலம்பூர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுக் கடையைப் பார்க்க வந்தவள் அவள்.

"அத்தா, ஜப்பான்காரவங்க பேச்சுக்கு நடுவுல சும்மா இருப்பாங்க. அது யோசிக்கிறது, கோவம் இல்ல. அவங்க சும்மா இருந்தா நீங்களும் சும்மா இருக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"அவங்க பேசுற வரைக்கும்."

"அது வரைக்கும் நா என்னா செய்றது?"

"மூச்சு விடுங்க லா."

பெயர் அட்டையை இரண்டு கைகளாலும் வாங்குவது, வாங்கியதும் பின்பாக்கெட்டில் செருகாமல் மேசைமேல் வைப்பது, இதெல்லாம் ஒரு மதியத்தில் பழகிவிட்டது. சும்மா இருப்பதற்குத்தான் ஒத்திகை தேவைப்பட்டது. மனைவி ஹஃபீஸா ஜப்பான்காரராக சோபாவில் உட்கார்ந்தாள். மஜீது விலையைச் சொன்னார். அவள் ஒன்றும் பேசாமல் அவரையே பார்த்தாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த பார்வை அது. மஜீது மின்விசிறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு உடைந்துபோனார்.

"சரி, சாப்ட்டேன். ரெண்டு ரொட்டி சானாய், சீனி போட்ட தே தாரிக் ஒண்ணு. கூட்டாளி ஃபாரூக்தான் வற்புறுத்துனான்."

"சுகர் மாத்திர போடுற மனுஷன். எப்ப சாப்ட்டீங்க?" என்றாள் ஹஃபீஸா.

"அம்மா, நீங்க பேசக்கூடாது."

"ஜப்பான்காரன் கேக்க மாட்டான். நா கேப்பேன்."

குறித்த நாளில் அகியாமா என்பவர் வந்தார். கூடவே மலாய் படித்த ஓர் உதவியாளர்ப் பெண். அகியாமா தட்டில் வைத்திருந்த மசாலாவை முகர்ந்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், தலையசைத்தார். மஜீது விலையைச் சொன்னார். சொல்லிவிட்டு, மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி வாயை மூடிக்கொண்டார்.

அகியாமா தட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மௌனத்தில் ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் அதற்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. மஜீதுக்கு அது நிரம்பி வழிந்தது. கப்பல் கூலியை நாமே போட்டுக்கொள்ளலாம், பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை இலவசம் என்று சொல்லலாம், விலையைக் கொஞ்சம் குறைத்தால்தான் என்ன? அந்தக் கடைசி வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. அங்கே இன்னும் கொஞ்சம் இருந்தால் வெளியே வந்துவிடும். அவர் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே பின்கட்டுக்கு நடந்தார். இதைத் திறமை என்று சொல்ல முடியாது; தப்பி ஓடியதுதான்.

பின்கட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுகுமாரன் கொத்தமல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"கொறச்சிடலாம் சுகுமாரா. பாவம், அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. மொகமே சரியில்ல அந்த மனுஷனுக்கு."

"என்னா மொதலாளி? ஒண்ணும் கேக்கல. நிப்பாட்டவா?"

"வேணாம், ஓடட்டும்," என்று கையைக் காட்டிவிட்டு மஜீது தொடர்ந்தார். குறைக்க வேண்டிய விலை, குறைப்பதற்கான காரணம், தன் அத்தா இருந்தால் என்ன செய்திருப்பார் என்பது, எல்லாவற்றையும் சொன்னார். சுகுமாரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பேசப் பேச அவருக்குத் தெளிவு பிறந்தது: குறைத்துவிடுவதுதான் சரி. மகளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

முன்னறைக்குத் திரும்பி வாயைத் திறந்தபோது அகியாமா எழுந்து நின்று ஆழக் குனிந்தார்.

உதவியாளர்ப் பெண் மலாயில் சொன்னாள்: "நீங்கள் சொன்ன விலைக்கு அவர் சம்மதிக்கிறார். மலாக்கா வியாபாரி எழுந்து போய்விட்டால் அதுதான் கடைசி விலை என்று வருவதற்கு முன்பே படித்துவிட்டு வந்தோம். நீங்கள் திரும்பி வந்ததற்கு நன்றி."

சொந்தக் கடைக்குத் திரும்பி வராமல் வேறு எங்கே போவது என்று மஜீதுக்குப் புரியவில்லை. நூருல் ஹுதா அவரைப் பார்த்தாள். திறந்த வாயை அவர் மெல்ல மூடிக்கொண்டார்.

கையெழுத்து ஆனதும் அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். ஒசாகாவில் இருக்கும் தங்கள் முதலாளி அதிகம் பேசாதவர். பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. இப்படி ஒருவரை மலாக்காவில் பார்த்ததில் அகியாமாவுக்கு மகிழ்ச்சி. வருஷா வருஷம் அங்கே நடக்கும் விருந்தில் மஜீது அந்த முதலாளிக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.

கார் போனதும் மஜீது மகளிடம் திரும்பினார்.

"அங்க போயும் நா பேசக்கூடாதா?"

"கான்ட்ரக் இருக்குற வரைக்கும் கூடாது அத்தா."

"எத்தன வருஷம்?"

"அஞ்சு. அவங்க இங்க வந்தாலும் அப்டித்தான்."

இதைக் கேட்டபடியே உள்ளேயிருந்து கோப்பைகளை எடுக்க வந்த ஹஃபீஸா, கார் போன பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"நல்ல மனுஷங்களாத்தான் இருக்காங்க," என்றாள்.