முத்தத்தை வெட்டு, கத்தியை விடு

1. ஆர்டர்

"முத்தம், ஒயின், தொடை. மூணும் இருக்கப்படாது. யல்லா, சீக்கிரம், சாயங்காலத்துக்குள்ள டேப் ரெடியாகணும்" என்றார் ராகவன் சார்.

"அப்ப கத்தியால குத்துறது, சார்?"

"அது மர்மப் படம்யா. குத்தாம பின்ன கொஞ்சுவானா?"

இரண்டாயிரங்களின் தொடக்கம். துபாயில், அல் கூஸில் ஒரு கிடங்கின் மாடியில் இயங்கிய சின்னச் சாட்டிலைட் சேனல். நான் தூத்துக்குடிக்காரன், எடிட்டர். ராகவன் சார் மெட்ராஸ்காரர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர். வாங்கிய படங்களை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. டேப்பின் அட்டையைப் பார்ப்பார், ஆர்டர் போடுவார்.

அன்றைக்கு வந்தது ஓர் இத்தாலியக் கொலைப் படம். கறுப்புக் கையுறை, பளபளக்கும் கத்தி, கொலையாளி யாரென்று கடைசிவரை தெரியாது. அந்த ஊரில் இந்த வகையை ஜியாலோ என்பார்கள்.

2. படம்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்பும் நீலமுமாய் லைட்டிங் செய்த ஆளைக் கும்பிடலாம். வெறும் மாடிப்படியைக் காட்டியே மிரட்டிவிட்டான். பின்னணியில் தாலாட்டு மாதிரி ஓர் இசை, கேட்டாலே பயம்.

கதைதான் ஓட்டைச் சட்டி. போலீஸ்காரர் சிகரெட் பிடிப்பதோடு சரி. வாய் ஒரு பக்கம், டப்பிங் ஒரு பக்கம். கொலைவெறி ஏன் வந்தது என்று கடைசியில் ஒரு டாக்டர் வந்து அவசர அவசரமாய்ச் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு ரத்தம் கொதித்தது வேறொன்றில். ஐந்து பெண்கள் சாகிறார்கள், ஒருத்திக்குக்கூட உருப்படியாக ஒரு வசனம் இல்லை. ஜவுளிக்கடை பொம்மைபோல் உடுத்தி நிறுத்துவது, குத்துவது, அடுத்தவளுக்குப் போவது! இதுவா கலை?

முதல் கொலையில் கண்ணாடி உடைந்து கொலையாளியின் கை கிழிகிறது. கடைசியில் கதாநாயகன் தன் வருங்கால மனைவியை முத்தமிடும்போது அவள் கையுறை கழன்று அந்தத் தழும்பு தெரிகிறது. அவள்தான் கொலைகாரி. மொத்த மர்மமும் அவிழ்வது அந்த முத்தத்தில்.

"சார், கையை மட்டும் ஜூம் பண்ணி வச்சுக்கிடுதேன். முத்தம் தெரியாது."

"உன்னை நான் கதையா கேட்டேன்? கட் பண்ணுய்யா!"

வெட்டினேன்.

3. ஃபோன்

வியாழக்கிழமை சாயங்காலம் படம் முடிந்ததும் ரிசப்ஷனில் இருந்த ஸ்டெல்லா ஓடி வந்தாள். நாகர்கோவில் பெண்.

"அண்ணா, ஃபோன் நிக்கவே மாட்டேங்குது. அந்தப் பொண்ணுதான் கொலைகாரின்னு போலீஸ் எப்படிக் கண்டுபிடிச்சுன்னு எல்லாரும் கேக்காங்க."

சேனல் முதலாளியும் வீட்டில் படத்தைப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ராகவன் சார் முந்திக்கொண்டு, "எடிட்டர் கி கல்தி", தப்பு எடிட்டருடையது என்று என்னைக் கைகாட்டினார். அடப்பாவி மனுஷா! என் விசாவைக் கேன்சல் செய்யச் சொன்னார் முதலாளி. என் மனைவி அப்போது நிறைமாதம். அந்த நிலையில் அவளைக் கூட்டிக்கொண்டு பெட்டி கட்டுவதா?

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, முதலாளிக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே கேட்டேன்: "சார், ஆர்டர் நீங்க போட்டது. கொலை பண்ணது யாருன்னு மட்டும் இப்பச் சொல்லுங்க."

ராகவன் சார் விழித்தார். "அந்த... டாக்டர்தானே?"

கைதானது யாரென்று ஊரே பார்த்திருந்தது. முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கலாஸ்", பேச்சு முடிந்தது என்றார். என் விசா பிழைத்தது. ராகவன் சாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரிய நாற்காலிக்கு அதுதானே வசதி!

4. பாடம்

அடுத்த வாரம் மறு ஒளிபரப்பு. கையை ஜூம் செய்து சேர்த்தேன்.

"இன்னைக்கு ஒரு ஃபோன்கூட வரல்ல, அண்ணா" என்றாள் ஸ்டெல்லா. "எல்லாருக்கும் புரிஞ்சிட்டு போல."

எடிட்டிங் படிக்கும் பிள்ளைகளே, படத்தைக் கடைசிவரை பார்க்காதவர் சொல்லி ஒரு ஃப்ரேமைக்கூட வெட்டாதீர்கள். தொழில் பாடம் அவ்வளவுதான். ஆனால் என் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அந்த ஐந்து கொலைகளும் இரண்டு தடவையும், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில், ஒரு ஃப்ரேம் குறையாமல் ஓடின. அதைக் கேட்டு ஒருவர்கூட ஃபோன் செய்யவில்லை.