பின்சீட்டுக்குக் கேட்கிற பாட்டு

ஜெபசிங்குக்கு மெத்தனம் வந்துவிட்டதாம். ஸ்பீக்கர் மாட்டிய காரைத் துடைக்காமல் தூசியோடு திருப்பிக் கொடுக்கிறாராம். கரமனையில் இப்படி ஒரு பேச்சு. பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்தானே. அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறவள் நான், எனக்கல்லவா தெரியும்.

அழுக்கைக் கண்டால் என் வீட்டுக்காரருக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாக இருந்தது, போகப் போக எரிச்சலாகிவிட்டது. நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் டம்ளரைப் பிடுங்கிக் கழுவி வைத்துவிடுவார். மார்த்தாண்டத்திலிருந்து பிழைக்க வந்து, தம்பானூரில் ஒரு ரேடியோ கடையில் வேலை கற்று, பிறகு கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் காருக்கு ஸ்டீரியோ மாட்டும் கடையைச் சொந்தமாகப் போட்டார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அப்போதெல்லாம் வேலை முடிந்ததும் ஒரு வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, கை பட்ட இடம் படாத இடம் எல்லாம் துடைத்து, வந்ததைவிடப் பளிச்சென்று காரைக் கொடுப்பார். சாயங்காலம் அந்தத் துணியையும் சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

"கரித்துணியத் துவைக்கிய ஒரே ஆளு இந்தத் திருவனந்தபுரத்தில நீங்கதான்" என்பேன்.

"அழுக்குத் துணியால தொடச்சா அது தொடச்சதாவுமா?" என்பார்.

தொண்ணூற்றெட்டில், மழை விட்ட சமயம், வெங்கடகிருஷ்ணன் சார் தன்னுடைய சிவப்பு செலிக்காவைக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்ரகாரத்துக்காரர், சர்க்கார் ஆபீஸில் வேலை. கல்ஃபிலிருந்து யாரோ கொண்டுவந்து ஓட்டிச் சலித்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு. பின்சீட்டில் குழந்தைதான் உட்கார முடியும். அப்படி உட்கார்ந்து வந்த சாரின் மகளை எனக்கும் தெரியும். ஜானவி என்று பெயர். கார் எங்கள் கடையைத் தாண்டும்போது எங்கள் மகள் ஜெஸ்லினைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டுப் போவாள், வாலு. அந்த மழைக்காலத்தில்தான் மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். ஏழு வயசு. கடவுளுக்குக் கண் இருக்கிறதா என்று அன்றைக்கு நான் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

"பின்னாடி பாட்டு ஒண்ணுமே கேக்கலேப்பான்னு தினம் சண்டை போடுவா" என்றார் சார். "அடுத்த மாசம் ஸ்பீக்கர் வெச்சுத் தரேன், அடுத்த மாசம் வெச்சுத் தரேன்னு சொல்லிண்டே இருந்துட்டேன். கொழந்தைகிட்ட சொன்ன வார்த்தை. இப்பவாவது வெச்சுக் குடுங்கோ, ஜெபசிங்."

இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று இவர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சார் முன்சீட்டை மடக்கி உள்ளே காட்டினார். பின்சீட்டுக்குப் பக்கத்தில், வெளிர் நிறத் தோல் உறை மேல், நீலப் பேனாவால் ஒரு முகம் வரைந்திருந்தது. யானைக்கு இருப்பதுபோல் இரண்டு காது, ஒரு மீசை.

"இது நானாம். காரைக் கெடுத்துட்டியேடீன்னு அன்னிக்குத் திட்டினேன், பாவி." "இதை மட்டும் வெட்டிடாதேங்கோ."

"வெட்ட மாட்டேன் சாரே. அதில என் கை படவே படாது" என்றார் இவர்.

சொன்னபடிதான் செய்தார். அந்தப் பக்க உறையில் வட்டமாக வெட்டி ஸ்பீக்கரை வைத்திருந்தால் வேலை சட்டென்று முடிந்திருக்கும். படத்துக்காகப் பக்கவாட்டையே விட்டுவிட்டு, பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகைக்குப் போனார். அதற்கடியில் கெட்டித் தகரம். அறுத்துப் பார்த்தால் ஸ்பீக்கரின் காந்தம் டிக்கிக் கம்பியில் இடித்தது. ப்ளைவுட்டில் வளையம் செய்து ஸ்பீக்கரை உயர்த்தி உட்கார வைத்தார். தகரப் பொடி பட்டுக் கீறிவிடக் கூடாதே என்று படத்தின்மேல் செய்தித்தாளை ஒட்டியிருந்தார். டிக்கிக்குள் சுருண்டு படுத்து அந்த மனுஷன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் தாளைப் பிரித்தார். படம் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. சார் விட்டுப்போன கேசட்டைப் போட்டார், ஜானவிக்குப் பிடித்த பாட்டாம். பின்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்தார். பின்னாலிருந்து பாட்டு நிறைந்து வந்தது.

"ராகேலு, கேக்கியா? பிள்ளைக்கி நல்லாக் கேட்டிருக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

பாட்டைக் கேட்டபடியே அவர் கை ஸ்பிரிட் துணியால் காரின் உள்ளெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷப் பழக்கம். கண் எங்கோ இருந்தது, மனசு எங்கோ இருந்தது, கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. நான் அவர் டீ குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், துணியெல்லாம் நீலம். உறை பளிச்சென்று இருந்தது.

"எங்க போச்சு புத்தி? தொட மாட்டேன்னு சொன்னது இந்த வாய்தானே!" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் நானும் அழுதேன்.

சார் வந்ததும் இவரே சொன்னார். "சாரே, நான் தொடச்சுப் போட்டேன்."

சார் காருக்குள் குனிந்து பார்த்தார். பின்சீட்டில் ஏறி, முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்தார். அந்த இடத்தைக் கையால் தடவினார். "பாட்டைப் போடுங்கோ" என்றார். கடைசிவரை கேட்டார். "நன்னாக் கேக்கறது" என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் சார் நடந்தே வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"ஜெபசிங், அந்தத் துணி இருக்குமோ? அவ போட்ட மை அதுலதானே இருக்கும்."

இவர் கொடியைப் பார்த்தார். முந்தின நாள் சோறு வேண்டாம் என்று அழுது புரண்ட மனுஷன், அதற்கு முன்னால் வழக்கம்போலக் குழாயடியில் உட்கார்ந்து துவைத்துப் போட்டிருந்தார். வெள்ளை வெளேரென்று தொங்கியது.

சார் போய்க் கொடியிலிருந்து எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்றார்.

இவர் தலையை ஆட்டினார். சார் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்து போனார்.