கியர் விழவில்லை

பழைய ஆட்டோமேட்டிக் கார்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பாண்டிச்சேரியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். போன மாசியில் மரக்காணத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். உப்பளம் வைத்திருப்பவர், எழுபதைத் தாண்டிய குரல். "இன்ஜின் நல்லா ஓடுது, கியர்தான் விழல. எவனோ கை வச்சிருக்கான். நீ வந்து பாத்து யாருன்னு சொல்லு" என்றார். வண்டிக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை போனேன். வீட்டை ஒட்டிய ஷெட்டில், நாற்பது வருஷத்துப் பழைய ஜெர்மன் கார் நின்றது. சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவருக்கு இடது கால் சூம்பியிருந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் கிளட்ச்சே இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கி, இத்தனை காலமும் தானே ஓட்டிவந்திருக்கிறார்.

அவருடைய மனைவி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பானரை எடுத்தால் பார்வையும் கூடவே வந்தது. சாமானைத் திருடிவிடுவேன் என்று நினைக்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது.

இன்ஜினை ஓடவிட்டு, கியர் ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். அளவு சரி. நிறம் சிவப்பு. முகர்ந்தால் தீய்ந்த வாடை இல்லை. கியர் பெட்டி கெட்டிருந்தால் ஆயில் கறுத்திருக்கும். வண்டியைச் சுற்றி வந்தபோது, முன்னால் இடது சக்கரத்துக்கு மேலே சேறு அப்பிக் காய்ந்திருந்தது. உப்புப் பாத்தியின் களிமண். மேலே வெள்ளை பூத்திருந்தது.

"ஐயா, வண்டி பாத்தியில இறங்குச்சா?"

"இல்லியே. மழையில ரோட்டுல ஓட்டுனது."

மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எங்கேயோ இடித்துவிட்டு மறைக்கிறார், கடைசியில் பழி என் தலையில் விழும் என்று தோன்றியது. குனிந்து டார்ச் அடித்தேன். ஆயில் சட்டியில் ஒரு நசுங்கல்கூட இல்லை.

லீவரை ஓட்டும் கியரில் வைத்துக்கொண்டே சாவியைத் திருகினேன். ஸ்டார்ட் ஆனது. ஆகக் கூடாது. அந்த நிலையில் இந்த மாதிரி வண்டி சாதாரணமாக ஸ்டார்ட்டே எடுக்காது. அணைத்துவிட்டு லீவரைப் பார்க்கிங்கில் போட்டு, கல்லை எடுத்துத் தள்ளிப் பார்த்தேன். உருண்டது. அதுவும் கூடாது; பார்க்கிங்கில் சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். லீவர் எங்கே போனாலும் பெட்டி நியூட்ரலிலேயே நிற்கிறது என்றால், இரண்டையும் இணைக்கிற கம்பி விட்டுப்போயிருக்க வேண்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் படுத்தேன். கம்பி கழண்டுதான் இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பைக் காணோம். ஆனால் கம்பியின் முனை எதிலும் உரசாதபடி யாரோ துணி சுற்றி, ஓரமாகக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கெடுக்க நினைத்தவன் இவ்வளவு பக்குவமாகக் கட்டமாட்டான்.

"என்னப்பா?" என்றார் மேலிருந்து.

"கியர் கம்பி கழண்டிருக்குது ஐயா."

"தானா கழண்டுச்சா, கழட்டுனாங்களா?"

அவரே அடுக்க ஆரம்பித்தார். பார்க்காமலே பெட்டி போச்சு என்று சொன்ன திண்டிவனத்து மெக்கானிக், வண்டியைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்ட மச்சான், வேலையிலிருந்து நிறுத்திய வாட்ச்மேன். நான் வெளியே ஊர்ந்து வருவதற்குள் மூன்று பேரையும் குற்றவாளி ஆக்கிவிட்டார்.

"யாரையும் சொல்லாதீங்க" என்றார் மனைவி. "நான்தான் நம்ம டிராக்டர் ஓட்டுறவனைக் கழட்டச் சொன்னேன். வண்டி ஓடக் கூடாது, உடையவும் கூடாதுன்னு சொன்னேன்."

உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். கிளிப் அதில் இருந்தது.

"போன மாசம் வண்டிய பாத்தியில இறக்கிட்டு, நாய் குறுக்க வந்துச்சுன்னாரு. அங்க உப்பு வாரிக்கிட்டிருந்த பொம்பளைங்க நாயே வரலன்னு சொல்றாங்க. இவருக்குக் கண்ணு தெரியல தம்பி. டாக்டர்கிட்டயும் வரமாட்டேங்குறாரு."

அவர் மனைவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாட்டுப்பா" என்று மட்டும் என்னிடம் சொன்னார். மாட்டினேன். கால் மணி நேர வேலை.

ஓட்டிப் பார்க்க நான் ஸ்டியரிங்கில் உட்கார, அவர் பக்கத்தில் ஏறினார். கியர் விழுந்தது. உப்பளத்துக்கு நடுவே போகிற ரோட்டில் நிறுத்தச் சொன்னார்.

"அதோ அங்க எத்தனை பேரு வேலை செய்றாங்க?"

"ஏழு பேரு ஐயா."

"அவ சொல்லிக் குடுத்தாளா?"

"இல்லீங்க. எண்ணித்தான் சொல்றேன்."

இறங்கினார். நெற்றியில் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வரப்பின்மேல் காலை இழுத்து இழுத்து அவர்கள் பக்கத்திலேயே போய் நின்று, விரல் நீட்டி எண்ணினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது.

"இங்கேருந்து எனக்கு வெறும் வெள்ளையாத்தான் தெரியுது" என்றார்.

வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில் இறங்கியதும் சாவியை அவரிடம் கொடுத்தேன். அவர் மனைவியிடம், "அந்த டிராக்டர்காரன வரச் சொல்லு. கழட்டத் தெரிஞ்சவனுக்கு ஓட்டத் தெரியுதான்னு பாப்போம்" என்றார். அந்தம்மா கையை நீட்டினார். பெரியவர் சாவியை அதில் வைத்தார். கை மடங்கவில்லை.

"இன்னொன்னு?"

சட்டைப் பையைத் துழாவி இரண்டாவது சாவியையும் வைத்தார். அப்போதும் அந்தம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"சாவி இல்லாம ஸ்டார்ட் பண்ண முடியுமா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

பழைய வண்டி, தெரிந்தவனால் முடியும். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியாதும்மா" என்றேன்.